கல் விழும் என்று சொன்னேன்

குடையைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பது எப்படி என்று யாராவது கேட்டால் என்னால் விவரமாகச் சொல்ல முடியும். குடையை நேராகப் பிடித்தால் வானம் தெரியாது. சாய்த்துப் பிடித்தால் வானம் தெரியும், ஆனால் மூக்கில் தண்ணீர் விழும். அன்று ராத்திரி நாங்கள் இரண்டு பேரும் மூக்கில் தண்ணீர் விழட்டும் என்று முடிவு செய்து உட்கார்ந்திருந்தோம்.

கரோல் பாக்கில் ஒரு மூன்று மாடி வீட்டின் மொட்டை மாடி. ஆகஸ்ட் மாதம், சுதந்திர தினத்துக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும். எழுபதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். நாடாக் கட்டில் நனைந்து ஊறி, அந்த ஈரம் புடவை வழியாக உள்ளே வந்துவிட்டது. காலடியில் பெரிய அலுமினியப் பாத்திரம் நிறையக் கொண்டைக்கடலைச் சுண்டல். மேலே மூடியிருந்த தட்டில் மழை தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் கிண்ணம், டவரா, ஊறுகாய்த் தட்டு என்று வீட்டில் இருந்ததையெல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு ஏனம் அடுக்கிவைத்திருந்தேன்.

பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டிருந்தேன். ஒருவரும் வரவில்லை.

"மழைலா பெய்யுது. எப்படி வருவாவ?" என்றார் என் வீட்டுக்காரர்.

"மழைன்னா வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதா?"

"சொன்னாலும் ஒனக்குப் புரியவா போகுது?"

தமாஷாகத்தான் சொன்னார். நான் அழுதுவிட்டேன். மழையில் அழுதால் தெரியாது என்பார்கள். குடைக்குள் உட்கார்ந்து அழுதால் நன்றாகவே தெரியும். அவர் குடையை என் பக்கம் நகர்த்திவிட்டு, தட்டைத் திறந்து ஒரு கை சுண்டலை அள்ளிக்கொண்டார்.

மழைக்கென்று ஒரு அறை

நாங்கள் பர்ஸாத்தியில் குடியேறினோம் என்று போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டுத் திருச்சி வாசகி ஒருவர், அந்த ஊர் டெல்லிக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். அது ஊர் இல்லை அம்மா. மொட்டை மாடியில் இருக்கும் ஒற்றை அறை.

ஹிந்தியில் பர்ஸாத் என்றால் மழை. கோடையில் டெல்லிக்காரர்கள் மொட்டை மாடியில் கட்டில் போட்டுத் தூங்குவார்கள். திடீரென்று மழை வந்தால் ஓடி ஒதுங்க மாடியிலேயே ஒரு அறை கட்டிவைத்தார்கள். அப்புறம் யாரோ ஒரு புத்திசாலி, மழை இல்லாத நாளில் அறை சும்மாதானே கிடக்கிறது என்று யோசித்து, எங்களைப் போன்ற மதராஸ் குமாஸ்தாக்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்.

அதனால் அறை எங்களுடையது, மாடி எல்லோருடையது. இருட்டியதும் கீழ் மாடிகளிலிருந்து கட்டில்கள் ஏறி வரும். எங்கள் கதவிலிருந்து மூன்றாவது எட்டில் வீட்டுக்கார அம்மாளின் கட்டில். கல்யாணமாகி நான்கு மாதமான தம்பதிக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்குமா?

வீட்டுக்கார அம்மாள் பெயர் சந்தோஷ். என் வீட்டுக்காரர் ஊருக்கு எழுதிய கடிதத்தில் வீட்டுச் சொந்தக்காரர் சந்தோஷ் ரொம்ப நல்ல மாதிரி என்று எழுதியிருந்தார். நான் முறுக்கு மீசையோடு ஒரு ஆளைக் கற்பனை செய்துகொண்டு ரயிலேறினேன். வந்து பார்த்தால் சல்வார் கமீஸ் போட்ட, ஆகிருதியான பஞ்சாபிப் பெண்மணி. நாற்பது வயதிருக்கும். இடுப்பில் சாவிக்கொத்து. மாடியில் நின்று கூப்பிட்டால் பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எல்லோருக்கும் அவர் பாபிஜி, அதாவது அண்ணி.

அவருடைய கணவரை எல்லோரும் பாயி ஸாஹப் என்பார்கள். துணிக்கடை வைத்திருந்தார். அந்த வீட்டில் பேச வேண்டிய பேச்சையெல்லாம் பாபிஜியே பேசிவிட்டதால் அவருக்கு மிச்சம் எதுவும் இருக்கவில்லை. அவர் குரல் எப்படி இருக்கும் என்றுகூட மூன்று மாதம் எனக்குத் தெரியாது.

கூங்கி

பாளையங்கோட்டையில் எனக்கு வாயாடி என்று பெயர். பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தேன், படித்ததைவிட அதிகம் பேசினேன். தெருவில் நான் வருகிறேன் என்றால் வேலை இருப்பவர்கள் உள்ளே போய்விடுவார்கள்.

டெல்லியில் அந்த வாய்க்குப் பூட்டு விழுந்தது. எனக்குத் தெரிந்த ஹிந்தி மொத்தமே அச்சா, நஹீ, பஸ். அதாவது சரி, இல்லை, போதும். காய்கறி வண்டிக்காரரிடம் விரலால் காட்டுவேன். அவர் ஏதாவது கேட்டால் அச்சா என்பேன். அப்படி ஒரு நாள் கேட்காத பாகற்காய் இரண்டு கிலோ வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஒரு வாரம் அதையே சாப்பிட்டோம்.

இவர் காலையில் லோதி ரோடு ஆபீஸுக்கு பஸ் ஏறினால் இருட்டும் நேரத்தில்தான் வருவார். பகலில் மாடி நிழலில் பெண்கள் கூடி அரிசி புடைப்பார்கள், கல் பொறுக்குவார்கள், வெண்டைக்காய் துடைப்பார்கள். நானும் என் அரிசியை எடுத்துக்கொண்டு ஓரமாக உட்காருவேன். அவர்கள் சிரித்தால் சிரிப்பேன். பாபிஜி என்னைக் கூங்கி என்று கூப்பிடுவார். மற்றவர்களும் அப்படியே. "கூங்கி, இதர் ஆ." நான் எழுந்து போவேன். பஞ்சாபியில் செல்லம் கொஞ்சுகிற வார்த்தை என்று நினைத்து எனக்கு உள்ளூரப் பெருமை.

ஒரு நாள் ராத்திரி இவரிடம் கேட்டேன்.

"ஏங்க, கூங்கின்னா என்ன?"

"ஊமைப் பொம்பளை. யாரு சொன்னா?"

"ரேடியோல."

அன்றிலிருந்து நான் மாடி நிழலுக்குப் போகவில்லை. அறைக்குள்ளேயே கிடந்தேன். நான்காம் நாள், ஊருக்குப் போகிறேன், டிக்கெட் போடுங்கள் என்றேன். எப்போது திரும்புவேன் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. இவருடைய ஆபீஸ் நண்பர் குடும்பம் சுதந்திர தினம் கழிந்த மறுநாள் மதராஸுக்குப் புறப்படுகிறது, அவர்களோடு போகலாம் என்றார். அடுத்த நாளே வரிசையில் நின்று அட்டை டிக்கெட்டை வாங்கிவந்து காலண்டருக்குப் பின்னால் செருகிவைத்தார்.

போகாதே என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அது ஊமை என்ற பெயரைவிட அதிகமாக வலித்தது.

ஆனாலும் ஒரு வைராக்கியம் வந்தது. போவதற்கு முன்னால் இந்தப் பெண்களிடம் ஒரே ஒரு முழு வாக்கியமாவது ஹிந்தியில் பேசிவிட வேண்டும். வாயாடியாக வந்தவள் ஊமை என்ற பெயரோடு ரயில் ஏறக் கூடாது.

பழைய பேப்பர்

இவர் ஆபீஸிலிருந்து இரண்டு நாள் பழசான இங்கிலீஷ் பேப்பர் கொண்டுவருவார், அலமாரியில் விரிக்க. விரிப்பதற்கு முன்னால் ஒரு வரி விடாமல் படித்துவிடுவேன். அப்படி ஒரு மூலையில் நான்கு வரிச் செய்தி. இந்த வாரம் எரிகல் பொழிவு உச்சத்துக்கு வருகிறது, நடுநிசிக்கு மேல் வடகிழக்கில் பார்க்கலாம், மேகம் இல்லாவிட்டால் என்று தேதியோடு போட்டிருந்தது.

வால்நட்சத்திரம் ஒன்று போன வழியில் சிந்திவிட்டுப் போன தூளுக்குள் பூமி வருஷா வருஷம் நுழைகிறது, அந்தத் தூள் காற்றில் உரசி எரிகிறது. கல்லூரிப் பரீட்சையில் படம் வரைந்து பத்துக்கு ஒன்பது வாங்கியிருக்கிறேன். ஆனால் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் ஹாஸ்டல் வார்டனம்மா, ராத்திரியில் மாடிக்குப் போகும் பெண்கள் நட்சத்திரம் பார்க்கவா போகிறார்கள் என்று பூட்டுப் போட்டுவிட்டார்.

இப்போது எனக்கென்று ஒரு மொட்டை மாடி இருந்தது. அந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாத, எனக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயமும் கிடைத்தது. சொல்ல வேண்டிய வாக்கியம் இதுதான் என்று முடிவு செய்தேன்.

"நான் சொல்லிடுதேன், நீ ஏன் கஷ்டப்படுதே?" என்றார் இவர்.

"நீங்க வாயத் தெறக்கக் கூடாது. நான்தான் சொல்லுவேன். வார்த்தை மட்டும் குடுங்க."

கொடுத்தார். வானம் ஆஸ்மான். ராத்திரி ராத். விழும் என்பதற்கு கிரேகா. எல்லோரும் வாருங்கள், சப் ஆவோ.

"கல்லுக்கு?" என்று அவர் கேட்டிருந்தால் இந்த அத்தியாயமே இருந்திருக்காது. அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஏனென்றால் கல்லுக்கு ஹிந்தி எனக்கு ஏற்கெனவே தெரியும்.

மிஸ்திரி கற்றுக்கொடுத்த சொல்

நான் வந்த புதிதில் மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு பக்கம் இடிந்து கிடந்தது. அதைக் கட்ட ஒரு கொத்தனார், மிஸ்திரி, தினமும் காலையில் வருவார். பீடியை அணைத்துவிட்டு இடிந்த இடத்தைப் பார்ப்பார். பாபிஜி இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஏதோ கேட்பார். மிஸ்திரி சுவரைக் காட்டி, "கல், பாபிஜி, கல்" என்பார். போய்விடுவார்.

மறுநாளும் வருவார். பாபிஜி கத்துவார். "கல், பாபிஜி. பக்கா கல்." போய்விடுவார்.

இப்படி ஒரு வாரம். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடிந்த சுவர், கொத்தனார், கல் கல் என்ற பேச்சு. ஒரு நாள் நிஜமாகவே ஒரு ஆள் கூடை கூடையாகக் கல்லைச் சுமந்துவந்து கொட்டினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கல்லுக்கு இந்த ஊரிலும் கல் என்றுதான் பெயர். எங்கள் ஊர் வார்த்தை ஒன்று எனக்கு முன்னாலேயே டெல்லிக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது.

இதைக் கண்டுபிடித்ததை இவரிடம்கூடச் சொல்லவில்லை. பௌதிகம் படித்தவள், கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, சோதனை செய்து எடுத்த முடிவு. சந்தேகத்துக்கு எங்கே இடம்?

ஊமை பேசினாள்

செய்தியில் சொன்ன அந்த நாள் காலையில் தலை வாரி, பொட்டு வைத்துக்கொண்டு மாடி நிழலுக்குப் போனேன். பெண்கள் கைவேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பாபிஜிக்கு எதிரே நின்று, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போலச் சொன்னேன்.

"ராத் கோ ஆஸ்மான் ஸே கல் கிரேகா. சப் ஆவோ."

பாபிஜியின் கையிலிருந்த வெண்டைக்காய் அப்படியே நின்றது. "க்யா கிரேகா?"

என்ன விழும் என்று கேட்கிறார். புரிந்துவிட்டது. "கல்" என்றேன்.

"ஹாங், கல். பர் க்யா?"

"கல்."

"கல் தோ டீக் ஹை, க்யா கிரேகா?"

கல் சரிதான், விழுவது என்ன என்கிறார். "கல்!" என்றேன், இவ்வளவு பெரிய பெண்மணிக்குக் கல் தெரியவில்லையே என்ற அலுப்போடு. பிறகு வானத்தைக் காட்டி, விரல்களைக் குவித்து நட்சத்திரம் போல மின்னவைத்து, சர்ரென்று கீழே இறக்கிக் காட்டினேன்.

பாபிஜியின் முகம் மலர்ந்தது, நட்சத்திரம் உதிரும் என்பது புரிந்துவிட்டது. "அச்சா, தாரே டூட்டேங்கே. கல்."

"ஹாங். கல்."

பாபிஜி எழுந்து கைப்பிடிச் சுவருக்குப் போய், கீழே முற்றத்தில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்த கணவருக்கும் அக்கம்பக்கத்துக்கும் சேர்த்து ஒரு குரல் கொடுத்தார். "சுன்தே ஹோ ஜீ, கூங்கி போலி!"

ஊமை பேசிவிட்டாள் என்று அர்த்தம். தமிழில் படித்தாலும் சரிதான், ஊமை போலி. அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. கடலையை ஊறப்போட்டேன். சாயங்காலம் நான்கு மணிக்கு மேகம் கூடியது. ஆறு மணிக்கு மழை.

மீதியைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே. ஒரு குடை, இரண்டு பேர், பன்னிரண்டு காலி ஏனம். மழை என்பதால் தூங்குவதற்குக்கூட அன்று யாரும் மேலே வரவில்லை. இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தோம். வானம் முழுக்க ஒரே சாம்பல் நிறம். கீழே பாபிஜி வீட்டில் எல்லோரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

மறுநாள்

காலையில் சுண்டல். இவருக்கு ஆபீஸுக்கும் சுண்டல். மத்தியானம் எனக்குச் சுண்டல். தூறல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டே இருந்தது. நான் பெட்டியை இறக்கி வைத்துப் புடவைகளை அடுக்க ஆரம்பித்தேன். புறப்பட இன்னும் நாள் இருந்தது, ஆனால் வேறு வேலை எதுவும் செய்ய மனசில்லை.

ராத்திரி பத்து மணி இருக்கும். மாடிப்படியில் தடதடவென்று சத்தம். கதவைத் திறந்தால் பாபிஜி. அவருக்குப் பின்னால் கட்டில்கள், தார்ப்பாய், பிள்ளைகள், தெர்மாஸ், ஒரு தூக்குவாளி நிறையச் சூடான பக்கோடா. பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டேன், பதினேழு பேர் வந்திருந்தார்கள். கடைசியாகப் பாயி ஸாஹப், தலையில் கட்டிலைக் கவிழ்த்துக்கொண்டு.

"அரே, தூ தையார் நஹீ ஹுயி?" என்றார் பாபிஜி. நீ இன்னும் தயாராகவில்லையா என்கிறார்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் பாபிஜியிடம் ஏதோ கேட்டார். பாபிஜி பதில் சொன்னார். இவர் மறுபடியும் கேட்டார். பாபிஜி என்னைக் காட்டி, கையை ஆட்டி, கல் கல் என்று நான்கைந்து தடவை சொன்னார். இவர் மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. முதலில் அழுகிறார் என்றே நினைத்துவிட்டேன்.

"ஏளா, நீ என்னன்னு சொன்னே?"

"வானத்துல இருந்து கல்லு விழும்னு."

"கல்லுக்கு ஹிந்தில பத்தர். கல்லுன்னா நாளைக்கு. நாளைக்கு ராத்திரி விழும்னு சொல்லியிருக்கே. அதான் இன்னைக்கு வந்திருக்காவ."

எனக்கு மிஸ்திரி ஞாபகம் வந்தார். இடிந்த சுவர் முன்னால் நின்று ஒரு வாரம் அந்த மனிதர் சொன்னது கல்லைப் பற்றியே இல்லை. நாளைக்கு வருகிறேன், பாபிஜி. நிச்சயமாக நாளைக்கு.

இவர் பாபிஜியிடமும் விஷயத்தை விளக்கினார். தமிழில் கல் என்றால் பத்தர் என்றதும் பாபிஜி முட்டியில் அடித்துக்கொண்டு சிரித்தார். பதினேழு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரிந்து டெல்லியில் நான் சிரித்த முதல் சிரிப்பு அது.

ஆனால் சிரித்து முடித்ததும் தேதி ஞாபகம் வந்தது. இவரைத் தனியாக இழுத்தேன்.

"நேத்துதாங்க உச்சம். இன்னைக்கு ஒன்னு ரெண்டு விழுந்தாலே பெரிசு. மேகம் வேற. இத்தனை பேரு வந்திருக்காவளே, என்ன செய்ய?"

"சொல்லிரட்டுமா?"

"சொன்னிய, அப்புறம் நான் நிஜமாவே ஊமையாயிருவேன்."

அவர் முகம் மாறியது. "அப்ப, கூங்கி... ரேடியோல இல்லையா?" என்றார். அதற்குள் மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது.

பத்துக்குப் பத்து

மழைக்கென்று கட்டிய அறை அன்றுதான் அதன் பெயருக்கு ஏற்ற வேலையைச் செய்தது. பதினாறு பேரும் நாங்களும் அந்தப் பத்துக்குப் பத்து அறைக்குள் ஏறிவிட்டோம். பாயி ஸாஹப் மட்டும் வெளியே கட்டிலில் படுத்து, தார்ப்பாயைக் கழுத்து வரை போர்த்திக்கொண்டார். உள்ளே இடமில்லை என்பதைவிட உள்ளே சத்தம் அதிகம் என்பதுதான் காரணமாக இருக்கும்.

என் பெட்டி மேல் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். என் ஸ்டவ்வில் பாபிஜி டீ போட்டார். சர்க்கரை டப்பாவைத் திறந்து, இவ்வளவுதானா என்று பார்த்துவிட்டு, கீழேயிருந்து எடுத்துவரச் சொன்னார். நேற்று ராத்திரி கறிவேப்பிலை வாசனை கீழே வரைக்கும் வந்ததாம், எதற்கு என்று தெரியாமல் குடும்பமே பேசிச் சிரித்துக்கொண்டிருந்ததாம். இரண்டு பேர் சாப்பிட இவ்வளவு வாசனையா என்று.

பிறகு பாபிஜி என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாடம் எடுத்தார். கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால் காட்டி, "கல்" என்றார். ஆள்காட்டி விரலை எனக்கு முன்னால் நீட்டி, "கல்" என்றார்.

"இது என்னங்க, நேத்தும் கல்லு, நாளைக்கும் கல்லா?"

"ஆமா. ரெண்டும் ஒன்னுதான்" என்றார் இவர்.

"அப்ப எப்படிக் கண்டுபிடிக்கது?"

"அவுகளுக்குத் தெரியும்."

பாபிஜி உள்ளங்கையால் தரையைப் பளாரென்று அடித்தார். "அவுர் யே, ஆஜ்." இன்றைக்கு. என் கையைப் பிடித்து அதே இடத்தில் அடிக்கவைத்தார். "ஆஜ்" என்றேன். "ஷாபாஷ்" என்றார்.

அந்த ஒரு சின்ன வார்த்தை நேற்றுக் காலையில் தெரிந்திருந்தால் பன்னிரண்டு பேரும் நேற்றே வந்து நனைந்திருப்பார்கள்.

டீ சுற்றிவந்தபோது மின்சாரம் போனது. கரோல் பாக் முழுக்க இருட்டு. பிள்ளைகள் ஹோ என்று கத்தி ஓய்ந்தார்கள். மழைச் சத்தமும் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தோம். வெளியே இருட்டிலிருந்து நான் அதுவரை கேட்டிராத ஒரு குரல், நிதானமாக, சொன்னது.

"ஏக்."

ஒன்று. பாயி ஸாஹப்.

பிச்சி

எப்படி அந்தக் கதவு வழியாகப் பதினெட்டுப் பேர் ஒரே நேரத்தில் வெளியே வந்தோம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் செருப்பில் வேறு யாரோ நின்றிருந்தார்கள்.

வடகிழக்கில் மேகம் கிழிந்திருந்தது. ஒரு பெட்ஷீட் அகலத்துக்குத்தான். ஆனால் கழுவித் துடைத்த மாதிரி, கீழே ஒரு விளக்குகூட இல்லாமல், அந்தத் துண்டு வானத்தில் நெருக்கி நெருக்கி நட்சத்திரம். டெல்லியில் அப்படி ஒரு வானத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். அப்போது ஒன்று, மேலிருந்து சாய்வாக, வெள்ளைக் கோடு இழுத்த மாதிரி போயிற்று. சத்தமே இல்லாமல்.

"தோ" என்றார் பாயி ஸாஹப்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நட்சத்திரம் எரிந்து விழுவதைப் பார்த்தால் மறதி வந்துவிடும், உடனே பூக்களின் பெயரைச் சொல்ல வேண்டும். பௌதிகம் படித்தும் என் வாய் பழக்கத்தை விடவில்லை. "மல்லி" என்று ஆரம்பித்து, அடுத்தது வந்த வேகத்தில், "பிச்சி!" என்று கத்திவிட்டேன்.

பதினாறு பேரும் திரும்பிப் பின்னால் பார்த்தார்கள். பீச்சே என்றால் அவர்கள் மொழியில் பின்னால். பின்னால் தண்ணீர்த் தொட்டி இருந்தது. முன்னால் அன்றைய ராத்திரியிலேயே பெரியது, பச்சையும் வெள்ளையுமாகப் புகைக்கோடு விட்டுப் போயிற்று. பார்த்தது நானும் இவரும், படுத்த இடத்தைவிட்டு அசையாத பாயி ஸாஹபும்தான்.

"தீன்" என்றார் அவர்.

"கஹா(ங்), கஹா(ங்)?" என்று, எங்கே விழுந்தது என்று கேட்டு எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். இவர் பிச்சியை விளக்குவதற்குள் நான்காவது விழுந்தது. அதை எல்லோரும் பார்த்தார்கள். பாபிஜி என் தோளை இறுக்கி, "மாங்கோ, குச் மாங்கோ" என்றார். அவர்கள் வழக்கம் வேறு. தாரா, அதாவது நட்சத்திரம், உடையும்போது மனசில் ஒன்றை வேண்டிக்கொண்டால் கிடைக்குமாம். அப்புறம் விழுந்த ஒவ்வொன்றுக்கும் மாடி முழுக்க முணுமுணுப்பு. பாதிப் பேர் வேண்டுதல், மீதிப் பேர் விளையாட்டாக என்னோடு சேர்ந்து, மல்லி, பிச்சி, மல்லி, பிச்சி.

பாயி ஸாஹப் பதினொன்று வரை எண்ணினார். பிறகு மேகம் மூடிக்கொண்டது, தூறல் விழுந்தது, கட்டில்கள் படியிறங்கின. போகும்போது பாபிஜி என்னைக் கூப்பிட்டார். கூங்கி என்று கூப்பிடவில்லை. "ஏ கல்வாலி!" என்றார். நாளைக்காரி என்றும் வைத்துக்கொள்ளலாம், கல்லுக்காரி என்றும் வைத்துக்கொள்ளலாம். அந்த வீட்டில் இருந்த ஏழு வருஷமும் அதுவே என் பெயர். என் மகளைக்கூட அவர்கள் கல்வாலியின் பெண் என்றுதான் சொன்னார்கள்.

வாசலில் கிடந்தது

எல்லோரும் போன பிறகு, இருட்டில் இவர் கேட்டார்.

"டிக்கெட் கேட்டது அந்தப் பேருக்காகவா?"

"ஆமா. நீங்க ஏன் போகாதேன்னு சொல்லலை?"

"வந்த நாள்ல இருந்து நீ வாயத் தெறந்து கேட்டதே அந்த டிக்கெட் ஒன்னுதான். அதையும் மாட்டேன்னு சொன்னா..." என்று நிறுத்திவிட்டார். நான் பேசாமல் இருந்தது எனக்கு மட்டும்தான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். அவருக்கும் வீட்டில் பேச்சுத்துணை இல்லாமல்தான் இருந்திருக்கிறது. அது அதுவரை என் புத்தியில் உறைக்கவே இல்லை.

காலையில் கதவைத் திறந்தால் வாசற்படியில் ஒரு கல் கிடந்தது. கைக்கு அடக்கமான, கறுப்பான, மூன்று பக்கம் கூரான கல். ரயில் பாதையில் கொட்டியிருப்பார்களே, அந்த ஜாதி. நான்கு எட்டு தள்ளி பாபிஜி துணி உலர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காதது போலப் பார்த்தார்.

"ராத் கோ கிரா" என்றார், சிரிக்காமல். ராத்திரி விழுந்தது. "தேரா கல்."

உன்னுடைய கல். சந்தோஷ் பாபிஜி பேசிய முதல் தமிழ் வார்த்தை.

அதை உள்ளே எடுத்துவந்து கழுவினேன். காலண்டருக்குப் பின்னால் கையை விட்டு டிக்கெட்டை எடுத்து மேஜையில் வைத்தேன். அதன் மேல் கல்லை வைத்தேன். இவர் தலை சீவிக்கொண்டே வந்து பார்த்தார்.

"இது என்னது?"

"கல்லு."

"அது தெரியுது. அடியில என்ன?"

"கேன்சல் பண்ணிட்டு வாங்க."

அவர் சீப்பைக் கீழே வைத்தார். முகத்தில் வந்ததை மறைக்கச் சட்டைப் பொத்தானைப் போடுவது போலக் குனிந்துகொண்டார். "சரி. இன்னைக்கு ஆபீஸ்ல வேலை கெடக்கு. நாளைக்குப் போயி..."

நான் உள்ளங்கையால் மேஜையைப் பளாரென்று அடித்தேன்.

"ஆஜ்" என்றேன்.